சிந்தாமணி பூர்த்தியான வீடு: டாக்டர் உ.வே. சாமிநாதையர் வாழ்வில் ஜைனப் பெருமக்கள்

தமிழ்த் தாத்தா என்று தமிழுலகம் போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்களின் வரலாற்றை அறியாத தமிழ் ஆசிரியர் இலர். ஆயினும் அவர்தம் முதற் பெரும்பணியாகிய சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு அடித்தளமாக அமைந்தது கும்பகோணத்து ஜைனர் சிலருடைய இல்லங்களில் நிகழ்ந்த வாசிப்பு என்பதை நம் இளைய தலைமுறையினர் பலர் அறியார். ஒரு சமுதாயம் தன் அறிவுச் செல்வத்தை எவ்வாறு பேணியது, எவரிடம் ஒப்படைத்தது, எந்நிலையில் கைவிட்டது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு ஐயரவர்களின் வாழ்க்கையைப் போல் தெளிவான சான்று பிறிதொன்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே அவ்வரலாற்றை அந்நோக்கில் ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

ஐயரவர்கள் 19-2-1855 அன்று, கஞ்சனூரை அடுத்த சூரியமூலை என்னும் சிற்றூரில், தம் தாயார் பிறந்த இல்லத்தில் தோன்றினார். சொந்த ஊர் பாபநாசத்துக்கு அண்மையிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இராமாயணப் பிரசங்கமும் சங்கீதமும் செய்து, அதனால் வரும் நெல்லையும் சிறு தொகையையும் கொண்டு குடும்பம் நடத்தியவர். அன்னையார் சரஸ்வதி அம்மாள். பிள்ளையின் தமிழ் ஆசையை நிறைவேற்றுவதற்காகவே பெற்றோர் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தனர். அரியலூர்ச் சடகோப ஐயங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, செங்கணம் விருத்தாசல ரெட்டியார் எனப் பலரிடம் சிறிது சிறிதாகக் கற்றபின், 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். இயற்பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் ஆசிரியரே.

குத்தாலத்தில் வாழும் எனக்கு இவ்வரலாற்றில் ஒரு தனி உரிமை உண்டென்று நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை. மேற்கே, கும்பகோணம் செல்லும் வழியில் நரசிங்கம்பேட்டையை அடுத்துத் திருவாவடுதுறை. அது குத்தாலம் வட்டத்தைச் சேர்ந்த ஊரேயாகும். ஐயரவர்கள் கல்வி பெற்ற ஆண்டுகள் பெரும்பாலும் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே கழிந்தன.

திருவாவடுதுறை ஆதீனம் சைவத் திருமடம். அக்காலத்தில் சுப்பிரமணிய தேசிகர் அதன் தலைவராக விளங்கினார். கற்க வந்தோர்க்கு உணவும் உடையும் உறையுளும் அளித்தமையால் அம்மடம் ஒரு கல்லூரியாகவே இயங்கிற்று. மடத்துப் புத்தகசாலையில் சைவ நூல்களோடு பிற சமயத்தார் இயற்றிய நூல்களின் ஏடுகளும் இருந்தன. பிள்ளையவர்களோ மாணாக்கரின் சமயத்தையும் சாதியையும் பாராதவர். அவரிடம் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவரும் பாடம் கேட்டார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிள்ளையவர்கள் மறைந்தபின், ஐயரவர்கள் தேசிகரிடமே தொடர்ந்து கற்றார். மடத்து மாணவர் சிலருக்குப் பாடம் சொல்லவும் செய்தார். 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வித்துவான் தியாகராச செட்டியார் ஓய்வு பெற விரும்பித் தம் இடத்துக்கு ஐயரவர்களையே தேர்ந்தளித்தார். இந்த நன்றியை ஐயரவர்கள் என்றும் மறந்தாரிலர். பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்றே பெயரிட்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார் ஐயரவர்கள். என்ன என்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் புராணங்களையும் கோவைகளையும் அடுக்கினார். அவற்றால் என்ன பயன் என்னும் பாவனையில் முதலியார் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயரவர்கள் படித்ததில்லை. இருபத்தைந்து வயதில், பெரும் புலவரின் தலைமாணாக்கர் என்று பெயர் பெற்ற ஒருவருக்கு இது சிறிய அடியன்று. முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, இதைப் படித்து எனக்கும் பாடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு நூலின் ஏடு கைக்கு வந்துவிட்டால் நூலும் வந்துவிட்டது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். அச்சுப் புத்தகத்தில் பழகிய கண்ணுக்கு ஏட்டுச் சுவடியின் தன்மை விளங்காது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது, உரையில் வரும் மேற்கோள் எந்நூலைச் சார்ந்தது என்பன தெரியா. இவை யாவும் புலமையால் ஒருவாறு கடக்கத்தக்கவை. கடக்க இயலாத தடை வேறொன்று இருந்தது. சிந்தாமணி ஜைன காவியம். திருத்தக்கதேவர் என்னும் ஜைன முனிவர் 13 இலம்பகங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களால் இயற்றியது. கல்வியும் போரும் எட்டுத் திருமணங்களும் கூறிச் சென்று, இறுதியில் சீவகன் அனைத்தையும் துறந்து வீடுபேறு எய்துவதை முத்தி இலம்பகத்தில் கூறி நிறைவு செய்வது. ஜைன ஆகமக் கருத்துகளை அறியாதவர்க்கு அதன் பல பாடல்கள் வெறுஞ் சொற்களாகவே நிற்கும். சைவ மடத்தில் கற்ற ஐயரவர்களுக்கு அக்கருத்துகளைச் சொல்லித்தந்தோர் எவரும் இல்லை. நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும், உரைக்கே உரை வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் அவ்வுரையாசிரியரைப் பற்றி நம்மிடையே வழங்கிவந்த செவிவழிச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடலாம். நச்சினார்க்கினியர் முதலில் சிந்தாமணிக்கு ஓர் உரை எழுதி ஜைனச் சான்றோரிடம் காட்ட, சமயக் கருத்துகள் பொருந்தவில்லை என்று அவர்கள் அதனை ஏற்கவில்லையாம். பின்னர் அவர் சித்தாமூர் சென்று ஜைன நூல்களைப் பயின்று, மீண்டும் புதிதாக உரை வரைந்து உடன்பாடு பெற்றாராம். இது நிகழ்ந்ததோ இல்லையோ, ஒரு நூலின் பொருளுக்குத் தாம் பொறுப்பாளர் என்னும் உணர்வு அச்சமுதாயத்தில் இருந்தது என்பதை இக்கதை காட்டுகின்றது. வேற்றுச் சமயத்தார் உரை எழுதக்கூடாது என்று கதை தடுக்கவில்லை. கற்றுக்கொண்டு எழுதுக என்றே சொல்கிறது. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

கும்பகோணத்தில் ஜைனர் வாழும் பகுதி உண்டென்று அறிந்த ஐயரவர்கள் நண்பர் ஒருவரின் உதவியோடு அங்கே சென்றார். வீடூர் அப்பாசாமி நயினார் என்பவரின் இல்லம் அது. வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டப்பட்டு, வீடு திருமண வீடுபோல் விளங்கிற்று. கல்யாணம் ஏதேனும் நடந்ததோ என்று இவர் கேட்டார். சிந்தாமணிப் பாராயணம் அன்று பூர்த்தியாயிற்று, அதற்காகவே இவ்வலங்காரம் என்று விடை வந்தது. ஏறத்தாழ ஆறு மாத காலமாக அவ்வீட்டில் சிந்தாமணி வாசிக்கப்பட்டுப் பொருள் கூறப்பட்டு வந்திருந்தது. எந்த நூலின் பொருள் தெரிந்தார் தமிழ்நாட்டில் எவரேனும் உளரோ என்று ஐயரவர்கள் மயங்கிக்கொண்டிருந்தாரோ, அந்நூல் தம் கல்லூரி இருக்கும் ஊரிலேயே, நடந்து செல்லும் தொலைவில், உயிரோடு இருந்தது! வீட்டார் கூடியிருந்து கேட்கும் நூலாக, முடித்தபின் விழாக் கொண்டாடும் நூலாக இருந்தது.

அங்கே பொருள் கூறியவர் சந்திரநாத செட்டியார். தமிழ்நாட்டு ஜைன வரலாற்றில் இப்பெயர் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. அவர் ஐயரவர்களின் சமயத்தைக் கேட்டு ஐயுறவில்லை. எதற்காக அறிய விரும்புகிறீர் என்று குறுக்கு வினாக்கள் தொடுக்கவில்லை. ஐயம் கேட்குந்தோறும் விளக்கினார். தாம் அறியாதவற்றை அறிந்தாரிடம் கேட்டு வந்து கூறினார். இரத்தினத்திரயம், பஞ்ச பரமேஷ்டிகள், கதிகள், கன்மங்கள், சமவசரணம் முதலிய செய்திகள் இவ்வாறு ஐயரவர்களுக்குத் தெளிவாயின. மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணம் முதலியவற்றின் பயிற்சியும் வாய்த்தது. ஐயரவர்களும் வெறுங்கையோடு செல்லவில்லை. இலக்கண முடிபுகளையும் சொல்நயங்களையும் பழைய இலக்கியச் செய்திகளையும் அவர் எடுத்துக் கூற, தலைமுறை தலைமுறையாக அந்நூலைக் கேட்டுவந்தோரும் புதுமை கண்டனர். ஒருநாள் இவர் சிந்தாமணிக்குப் பொருள் கூறுவதைக் கேட்ட ஜைனப் பெருமாட்டி ஒருவர், இவர் பவ்ய ஜீவன் போலும் என்று வியந்தாராம். வீடுபேற்றுக்கு உரிய ஆன்மாவைப் பவ்யம் என்று நாம் சொல்வதை வாசகர் அறிவர். ஐயரவர்கள் தம் வாழ்நாளில் பெற்ற பட்டங்கள் பல. இந்தப் பட்டத்தை அவர் முதுமையிலும் மறவாமல் நினைவுகூர்ந்தார். வீட்டுப் பெண்களும் பாராயணத்தைக் கேட்டுப் பொருள் உணரும் நிலையில் இருந்தனர் என்பதற்கும் இது சான்று. பள்ளிக்கூடம் சென்றறியாத மகளிர் காப்பியத்தின் நுட்பத்தை மதிப்பிடவல்லராய் இருந்தமை, வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற என்போன்றோர் ஆழ்ந்து எண்ணவேண்டிய செய்தி.

எல்லா இல்லங்களும் இவ்வாறு திறந்திருந்தன என்று சொல்வதற்கில்லை. தஞ்சையில் ஒரு ஜைனர் வீட்டில் நல்ல சிந்தாமணிப் பிரதி இருப்பதாக அறிந்து ஐயரவர்கள் சென்றபோது, ஜைனரல்லாதார்க்குக் கொடுப்பதில்லை என்று மறுத்துவிட்டனர். செல்வாக்குடைய நண்பர் ஒருவர் இடைநின்று பேசிய பின்னரே அது கிடைத்தது. மறுத்தவரை நான் குறை கூற மாட்டேன். சாஸ்திரத்தை வணங்கத்தக்க பொருளாகக் கருதி, அவமதிப்பவர் கையில் சேர்ந்துவிடக்கூடாதே என்று அஞ்சியவர் அவர். மதப் பூசல்களின் நினைவு அத்தனை எளிதில் மறைவதில்லை. சேக்கிழார் பெரியபுராணம் பாடியதே சோழ மன்னனைச் சிந்தாமணியிலிருந்து மீட்பதற்காக என்ற வரலாறு சைவ உலகில் நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. சைவர் சிலர், இவர் ஏன் ஜைன நூலைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஐயரவர்களையே இகழ்ந்தனர். ஆனால் சைவ மடத்தின் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர் இகழ்ந்தாரல்லர். ஏடுகள் தேடுவதற்குத் துணைபுரிந்தார். இருபுறமும் மறுத்தோர் இருந்தனர், இருபுறமும் உதவியோரும் இருந்தனர் என்பதே உண்மை நிலை.

பூட்டி வைத்துக் காப்பதா, வாசித்துக் காப்பதா என்னும் இவ்வினா நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. கர்நாடகத்து மூடபித்ரியில் ஷட்கண்டாகமத்தின் தவள உரையின் பழைய கன்னட எழுத்துச் சுவடிகள் பல நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டன. யாத்திரிகர்க்குத் தரிசனம் உண்டு. படிப்பதற்கு அனுமதி இல்லை. 1890களில் படியெடுக்கும் பணி தொடங்கி 1920களில்தான் நிறைவுற்றது. டாக்டர் ஹீராலால் ஜெயின் முதல் தொகுதியை அச்சிட்டு வெளியிட்டது 1939இல். ஆகமத்தை அச்சிடுவதே பாவம் என்று கருதியோர் அக்காலத்தில் பலர் இருந்தனர். பூட்டினால்தான் அவ்வேடுகள் பிழைத்தன என்று வாதிடுவோர்க்கும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்த நூல், ஒரு தீக்கோ கறையானுக்கோ இரையாகியிருப்பின் என்ன ஆகியிருக்கும்? அதே கன்னட நாட்டில் 1,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்ன கவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதிகள் எழுதுவித்துத் தானம் செய்தார் என்பது வரலாறு. அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் பிரதிகள்! நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்தை ஒன்றாக வைத்த நம் முன்னோர், நோன்பு முடிவில் ஒரு நூலைப் படியெடுத்து வழங்குவதையும், சுருத பஞ்சமியன்று சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு தட்டிப் பூசிப்பதையும் கடமையாக்கியது வெறும் சடங்கு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கொருமுறை ஏட்டைப் பிரித்தால்தானே அரித்திருக்கிறதா, சிதைந்திருக்கிறதா என்று தெரியும்? பள்ளியில் ஆண்டு முடிவில் புத்தக இருப்பைச் சரிபார்க்கும் வேலை எனக்கு நெடுநாள் இருந்தது. அதன் அருமையை அறிந்தே சொல்கிறேன்.

பொதுச் சொத்தாக இருந்தும் பொறுப்பாளரில்லாத சுவடிகள் என்ன ஆயின என்பதை ஐயரவர்கள் தம் ஏடு தேடும் பயணங்களில் நேரில் கண்டார். திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியன் காலத்து ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஆவலோடு சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இடவேண்டும் என்று சாத்திரம் கூறுவதாகக் கொண்டு, அவற்றையெல்லாம் ஆகுதி செய்துவிட்டதாக அங்கே தெரிவித்தனர். கோயிலுக்கு நிலம் இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், கணக்கும் இருந்தது. அவ்வேட்டைப் படிப்பார் ஒருவர் இல்லை, அவ்வளவே. வேறு ஊர்களில் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடப்பட்ட சுவடிகள் எத்தனையோ.

மீண்டும் சிந்தாமணிக்கு வருவோம். பல ஊர்ப் பிரதிகளைத் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, உரையில் வந்த மேற்கோள்களின் இடம் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தார் ஐயரவர்கள். நாமகள் இலம்பகம் மட்டும் 1868ஆம் ஆண்டு போவர் பாதிரியாரால் முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. நூல் முழுவதும் வெளிவரவில்லை. பதிப்புப் பணியில் முன்னோடியாகிய யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையும் அக்காலத்தில் கும்பகோணத்தில் வாழ்ந்தார். அவருக்கும் சிந்தாமணியை வெளியிடும் எண்ணம் இருந்தது. ஐயரவர்களோ தாமே பதிப்பிப்பதில் உறுதியாக நின்றார். இவ்விரு பெருமக்களுள் எவர் பக்கம் நியாயம் என்று பேசுவோர் உளர். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஆண்டுக்கணக்காக ஜைனர் வீடுகளுக்கு நடந்தவர் கையில் அப்பணி தங்கியது நன்றே.

கையொப்பக்காரரிடம் முன்பணம் பெற்றும் கடன் வாங்கியும் அச்சுச் செலவு செய்து, கல்லூரி விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுத்தாள் திருத்தி, 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். முகவுரையில் ஏடு கொடுத்தோரையும் ஐயம் தீர்த்தோரையும் பெயர் சுட்டி நன்றி கூறினார். பிறரிடமிருந்து பெற்றதைப் பெற்றதாகவே எழுதி வைக்கும் இவ்வழக்கத்தை ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் கைக்கொள்ளவேண்டும். கும்பகோணத்து ஒரு வீட்டு வாசிப்புச் சபையின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவது ஐயரவர்கள் எழுதி வைத்ததனால்தான்.

பிற்காலப் பணிகளை விரித்துரைக்க இவ்விதழில் இடம் போதாது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, குறுந்தொகை 1937 என அவை தொடர்ந்தன. பவணந்தி முனிவரின் நன்னூலை மயிலைநாதர் உரையோடும், கொங்குவேளிரின் பெருங்கதையையும் வெளியிட்டு ஜைன இலக்கியத்துக்கு மேலும் தொண்டு புரிந்தார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன.

இவற்றுள் மணிமேகலையை மட்டும் சிந்தாமணியோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். மணிமேகலை பௌத்த காவியம். அதன் ஏடுகளும் கிடைத்தன. ஆனால் தோரணம் கட்டிப் பூர்த்தி கொண்டாடும் வீடு ஒன்றும் கிடைக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் விகாரங்கள் கட்டி வாழ்ந்த பௌத்த சமுதாயம் தமிழ்நாட்டிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டிருந்தது. சங்கத்தையும் தருமத்தையும் பன்னிரு நிதானங்களையும் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு சந்திரநாத செட்டியார் இல்லை. மளூர் இரங்காசாரியார் என்னும் பேராசிரியர், மேனாட்டறிஞர் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூல்களைப் படித்து ஐயரவர்களுக்கு எடுத்துரைத்தார். சோழ நாட்டிலே பிறந்த காவியத்தின் பொருள் ஐரோப்பா சென்று கப்பலேறித் திரும்பி வரவேண்டியதாயிற்று. அவ்வறிஞர்களுக்கு நாம் கடப்பாடுடையோம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காவிரிக் கரையில் கும்பகோணம், கரந்தட்டாங்குடி, மன்னார்குடி, தீபங்குடி ஆகிய இடங்களில் ஜினாலயங்களைச் சுற்றிச் சில நூறு குடும்பங்களேனும் எஞ்சி நின்றதன் பயன் என்னவென்று இந்த ஒப்பீட்டால் விளங்கும்.

இனி நான் சொல்லவிருப்பது மகிழ்ச்சியான செய்தியன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதி ஜைன காவியம் என்று கருதப்படுவது. அதன் சுவடியைத் தம் மாணவப் பருவத்தில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் ஐயரவர்கள் கண்டிருந்தார். அப்போது பழைய காப்பியங்களில் அவர் மனம் செல்லவில்லை. ஆசிரியர் கற்பித்தவை புராணங்களும் பிரபந்தங்களுமே. சிந்தாமணியில் ஈடுபட்டபின் அதனை நினைந்து திரும்பச் சென்று தேடினார். சுவடி அங்கே இல்லை. பின்னர் எங்கெங்கோ தேடியும் கிடைத்திலது. இன்று நமக்கு எஞ்சியிருப்பன பிற நூல்களிலும் உரைகளிலும் எடுத்தாளப்பெற்ற சுமார் 70 பாடல்களே. எங்கள் வட்டத்திலே, எங்கள் ஊரிலிருந்து சில கல் தொலைவிலே ஒரு காவியம் அலமாரியில் இருந்து மறைந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது. மடத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நூற்றுக்கணக்கான ஜைன, வைணவ நூல்களுக்கும் இடம் கொடுத்த பெருமனம் அவர்களுடையது. ஆனால் சைவ மடத்து ஏட்டறையில் வளையாபதியைக் கேட்டு வருவார் யார்? அதனை ஆறு மாதம் வாசித்துப் பூர்த்தி கொண்டாடிய வீடு எங்கேனும் இருந்திருந்தால், மடத்துச் சுவடி போனபோதும் நூல் போயிராது. சிந்தாமணிக்கு அத்தகைய வீடு ஒன்றேனும் இருந்தது. வளையாபதிக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இதனை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் அறிந்த நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் பரணில் துணி சுற்றிய சுவடிக் கட்டுகள் இன்றும் உள்ளன. தாத்தா வைத்தது என்பர், தொடக்கூடாது என்பர். அது ஸ்ரீபுராணமா, நோன்புக் கதையா, சோதிடமா என்று கேட்டால் விடையில்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாட்டிலும் வேலை பார்க்கின்றனர். வீடு விற்கப்படும் நாளில் அக்கட்டு என்ன ஆகும்? சுவடிகளைப் படம் பிடித்துத் தரும் நிறுவனங்கள் இப்போது உள்ளன. ஏடு வீட்டிலேயே இருக்கலாம், படிமம் மட்டும் பொதுவில் இருக்கும். இதற்கு இசைவதா என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்யலாம். ஆனால் படம் பிடித்தால் மட்டும் போதும் என்ற கருத்தும் எனக்கில்லை. சிந்தாமணி இன்று எந்நூலகத்திலும் கிடைக்கிறது, கைப்பேசியிலும் கிடைக்கிறது. அதை வீட்டில் கூடியிருந்து வாசித்துக் கேட்போர் எத்தனை பேர் என்று நம் ஊர்ச் சபைகள் கணக்கெடுத்துப் பார்க்கட்டும். 1970களின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒரு விதி சொல்லித்தருவார்கள். ஒரு பாடத்தை மாணவன் மற்றொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரையில் அவன் கற்றதாகக் கொள்ளாதே என்பது அது. சந்திரநாத செட்டியார் பயிற்சிப் பள்ளியில் படித்தவர் அல்லர், ஆயினும் அவ்விதியின்படியே நடந்தவர்.

ஐயரவர்களின் இறுதி நாட்கள் உலகப்போர்க் காலத்தில் கழிந்தன. 1940 முதல் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி வந்தார். 1942ஆம் ஆண்டு சென்னை நகரம் ஜப்பானியர் தாக்குதலுக்கு அஞ்சி வெறிச்சோடியபோது, 87 வயது நிரம்பிய அம்முதியவர் தம் குடும்பத்தாரோடு திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கே திருவாவடுதுறை ஆதீனத்துக்கு உரிய இடமே அவருக்குத் தங்குமிடமாயிற்று. இளமையில் உணவளித்த மடம் முதுமையிலும் நிழல் தந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் அங்கேயே மறைந்தார். சுயசரிதம் முற்றுப்பெறவில்லை. 1950ஆம் ஆண்டு அது நூலாக வெளிவந்தது. கும்பகோணத்து ஜைன இல்லங்களைப் பற்றிய பகுதிகளை அதில் ஒவ்வொரு ஜைனக் குடும்பத்தாரும் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும்.

1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் ஐயரவர்களின் பெயரில் நூல்நிலையம் ஒன்று தோற்றுவிக்கப்பெற்றது. சென்னை பெசன்ட் நகரில் அமைந்த அந்நூல்நிலையத்தில் அவர் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த ஏடுகளும் கையெழுத்துக் குறிப்புகளும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வளையாபதி அவற்றுள் இல்லை.